அறிவியலிலும் இறையியலிலும் மாதிரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணுவைச் சூரியக் குடும்பம் போல வரைகிறார்கள். கடவுளைத் தந்தை, அரசர், உலகத்தின் உயிர் என்கிறார்கள். இரண்டும் ஒரே வகை வேலையா? இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. சில இடங்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கும்.

மாதிரி என்றால் சரியாக என்ன?

பேச்சில் "அவனும் அப்பா மாதிரிதான்" என்கிறோம். அவன் அப்பா இல்லை என்பதும் அந்தச் சொல்லிலேயே அடங்கிவிடுகிறது. கலைச்சொல்லாக மாறின பிறகும் மாதிரிக்கு இந்தக் குணம் போகவில்லை. நமக்குப் பழகிய ஒன்றை எடுத்துக்கொண்டு, பழகாத ஒன்றை அதன் வழியாக யோசிப்பதுதான் மாதிரி. அது கம்பியும் தகடுமாக இருக்கலாம். 1953-ல் வாட்சனும் கிரிக்கும் டிஎன்ஏவுக்குக் கட்டியது அப்படிப்பட்டது. சில சமன்பாடுகளாக இருக்கலாம். மனத்துக்குள் ஒரு படமாக மட்டும்கூட இருக்கலாம்.

அப்படியானால் அது உவமைதானே?

உவமையில் தொடங்குகிறது, ஆனால் அங்கேயே நிற்பதில்லை. முகம் நிலவு போன்றது என்று சொன்னவரிடம் போய், நிலவு தேய்கிறதே, முகமும் தேயுமா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் ரசனை இல்லாதவர் என்பார்கள். மாதிரியை வைத்தவரிடம் கேட்கலாம். கேட்டே ஆகவேண்டும்.

நம் உரையாசிரியர்கள் இதற்கு 'ஒருபுடை உவமை' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம்தான் ஒக்கும், மற்றப் பக்கங்களை இழுக்காதே என்று அர்த்தம். மாதிரியைக் கையாள்பவர் அந்த மற்றப் பக்கங்களையும் புரட்டிப் பார்க்கிறவர்.

பொருளையே நேராக ஆராயலாமே, மாதிரி எதற்கு?

பல சமயம் பொருள் கைக்கு அகப்படாது. அகப்பட்டாலும் அதன் சிக்கல் முழுவதையும் ஒரே நேரத்தில் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது.

வாயுவைப் பார்ப்போம். ஓயாமல் ஓடிச் சுவரில் மோதும் குட்டிப் பந்துகள் என்று அதை வைத்துக்கொள்கிறோம். அந்தப் பந்துகளுக்குப் பருமன் இல்லை, ஒன்றையொன்று இழுப்பதும் இல்லை என்றும் சொல்லிவிடுகிறோம். இரண்டுமே பொய் என்று சொல்கிறவருக்கே தெரியும். பாடப்புத்தகங்கள் இதை நல்லியல்பு வாயு என்கின்றன. 300 கெல்வின் வெப்பநிலையில் 1 மோல் கார்பன் டை ஆக்சைடை 1 லிட்டர் கலத்தில் அடைத்தால் அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால், இந்த மாதிரி தரும் விடை சுமார் 24.9 பார்.

1873-ல் வான் டெர் வால்ஸ் அந்த இரண்டு பொய்களிலும் கைவைத்தார். பந்துகளுக்குப் பருமன் உண்டு என்றால் 1 லிட்டரில் 0.043 லிட்டர் போக மீதிதான் அவை ஓடுவதற்கான இடம். அழுத்தம் 26 பாருக்கு ஏறுகிறது. ஒன்றையொன்று இழுக்கின்றன என்றால் சுவரில் விழும் அடி கொஞ்சம் மட்டுப்படும்; 3.6 பார் கழிகிறது. விடை 22.4. அளந்து பார்த்தால் 22-ஐ ஒட்டித்தான் இருக்கும்.

இதில் என்னைக் கவர்வது துல்லியம் கூடியது அல்ல. முதல் மாதிரி எங்கே பொய் சொல்கிறது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்ததால்தான், எங்கே திருத்துவது என்று தெரிந்தது.

ஒப்புமையை எதுவரை நம்பலாம்?

1963-ல் மேரி ஹெஸ்ஸி என்ற தத்துவ அறிஞர் ஒரு நல்ல பாகுபாட்டைச் சொன்னார். மாதிரிக்கும் பொருளுக்கும் இடையே பொருந்துபவை சில. பொருந்தாதவை சில: பந்துக்கு நிறம் உண்டு, மூலக்கூறுக்கு அப்படி நிறம் இல்லை. மூன்றாவதாக, பொருந்துமா பொருந்தாதா என்று இன்னும் தெரியாதவை. ஆராய்ச்சி நடக்கிற இடம் இந்த மூன்றாவது பெட்டிதான்.

ஒளியின் கதை இதற்குப் பொருத்தம். ஒளி அலை என்ற மாதிரி 19ஆம் நூற்றாண்டில் அமோகமாக வேலை செய்தது. குறுக்கீடும் விளிம்பு வளைவும் கச்சிதமாகப் பொருந்தின. நீரலைக்கு நீர் உண்டு, ஒலியலைக்குக் காற்று உண்டு. ஒளியலைக்கும் ஊடகம் ஒன்று இருந்தாகவேண்டும் அல்லவா? அதற்கு ஈதர் என்று பெயரும் வைத்தாயிற்று. 1887-ல் மைக்கேல்சனும் மோர்லியும் பூமி அதற்குள் ஊர்ந்து செல்வதால் வரவேண்டிய வேறுபாட்டைத் தேடினார்கள், எதிர்பார்த்தது வரவில்லை. மூன்றாம் பெட்டியில் இருந்த ஒன்று இரண்டாம் பெட்டிக்கு மாறியது. அலை தப்பித்தது, ஊடகம் போனது.

தப்பான மாதிரியிலிருந்து சரியான விடை வருமா?

வரும். அறிவியல் வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த தப்பு பிரெஞ்சுப் பொறியாளர் கார்னோவுடையது. 1824-ல் அவர் வெப்பத்தைக் கலோரிக் என்னும் பாய்மமாக எண்ணினார். அருவி விழுந்து சக்கரத்தைச் சுற்றுவதுபோல, வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு 'விழுந்து' இயந்திரத்தை ஓட்டுகிறது என்றார். அப்படியொரு பாய்மம் கிடையாது. ஆனால் இயந்திரத்தின் உச்சத் திறன் இரண்டு வெப்பநிலைகளை மட்டுமே பொறுத்தது என்று அவர் கண்டது இன்றும் நிற்கிறது. ஆகவே, விடை சரியாக வந்தது என்பதை மட்டும் வைத்து மாதிரி மெய் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

சரி, இறையியலில் மாதிரிக்கு என்ன வேலை?

கடவுளைப் பற்றிப் பேசுகிறவர் மனிதர்களுக்கும் பொருள்களுக்கும் ஏற்பட்ட சொற்களைத்தான் கடன் வாங்கவேண்டும். வேறு சொல் கையில் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலார் தாமஸ் அக்குவினாஸ், 'நல்லவர்' என்ற சொல் கடவுளுக்கும் மனிதருக்கும் ஒரே பொருளில் வராது, முற்றிலும் வேறு பொருளிலும் வராது, ஒப்புமைப் பொருளில் வரும் என்றார். அதற்கு முன்பே, 1215-ல் நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை, படைத்தவருக்கும் படைப்புக்கும் எந்த ஒற்றுமையைச் சொன்னாலும் அதைவிடப் பெரிய வேற்றுமை உண்டு என்று வரையறுத்திருந்தது. பொருந்தாத பக்கத்தை நினைவில் வை என்று சங்கமே தீர்மானம் போட்டதுபோல.

1957-ல் இயன் ராம்சி என்ற இறையியலார் இதைப் பிரித்துக் காட்டினார். 'முதற்காரணம்' என்ற தொடரில் 'காரணம்' மாதிரி; 'முதல்' அதைத் தள்ளிக்கொண்டு போகும் அடைமொழி. காரணத்துக்குக் காரணம் என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இரு, ஒரு கட்டத்தில் வேறுவகையான ஒன்று பிடிபடும் என்று அந்த அடைமொழி சொல்கிறது. 'எல்லையற்ற ஞானம்' போன்றவையும் இதே அமைப்புதான்.

வெறும் உருவகம் மாதிரியாக முதிர்வதைப் பார்க்க ராமானுஜரிடம் போகவேண்டும். உலகம் இறைவனின் உடல், இறைவன் அதன் உயிர் என்கிறார். உடனே, அப்படியானால் கை எது, கால் எது என்று ஒருவர் கேட்பார். ராமானுஜர் 'உடல்' என்ற சொல்லையே முதலில் வரையறுத்துவிடுகிறார்: ஓர் அறிவுள்ள பொருள் தன் பயனுக்காக எதை முழுவதும் தாங்கி, இயக்கி, தனக்கு அடங்கியதாக வைத்திருக்கிறதோ அது அதன் உடல். கை கால் போயிற்று. தாங்குதல், இயக்குதல், அடங்கியிருத்தல் மூன்றும் நின்றன. அடுத்து, உடல் வலித்தால் உயிர் துன்பப்படுகிறதே, உலகத்தின் துன்பம் இறைவனைத் தொடாதா என்ற கேள்வி. துன்பம் உடல் இருப்பதால் வருவதல்ல, வினையால் வருவது என்பது அவர் பதில். பதில் திருப்தியா இல்லையா என்பது வேறு. மூன்றாம் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார் என்பதை மறுக்க முடியாது.

திரித்துவத்தை நீர், பனிக்கட்டி, ஆவி என்று விளக்குகிறார்களே, அது நல்ல மாதிரியா?

பிரபலமான மாதிரி, நல்ல மாதிரி இல்லை. கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

திரித்துவம் என்ற கிறிஸ்தவக் கோட்பாடு சொல்வது: கடவுள் ஒருவரே, தந்தை, மகன், தூய ஆவி மூவரும் முழுமையாகக் கடவுள், ஒருவர் மற்றவர் அல்லர். ஒரு தம்ளர் நீர் பனியாகிறது, பிறகு நீராகிறது, பிறகு ஆவியாகிறது. பொருள் ஒன்று, நிலை மூன்று. ஆனால் பனியாக இருக்கும்போது அது ஆவியாக இல்லையே! ஒருவரே வேளைக்கு ஒரு வேடம் போடுகிறார் என்றாகிவிடுகிறது. திருச்சபை பழங்காலத்திலேயே தப்பறை என்று தள்ளிய கருத்து இது.

விவரம் தெரிந்தவர் இங்கே மும்மைப்புள்ளியைக் கொண்டுவருவார். 0.01 டிகிரி செல்சியசில், வளிமண்டல அழுத்தத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான அழுத்தத்தில், மூன்று நிலைகளும் ஒரே கலத்தில் ஒரே நேரத்தில் இருக்கும். நல்ல முயற்சிதான். ஆனால் அந்தக் கலத்துக்குள் எட்டிப் பாருங்கள்: எந்தக் கணத்திலும் ஒரு மூலக்கூறு பனியில் இருக்கிறது, வேறொன்று நீரில், மற்றொன்று ஆவியில். ஒவ்வொரு நிலையும் மொத்த நீரில் ஒரு பங்குதான். இப்போது மூவரும் கடவுளின் பகுதிகளாகிவிட்டார்கள். 'முழுமையாகக் கடவுள்' என்பது போய்விட்டது. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் ஒழுகுகிறது.

அகுஸ்தீன் நினைவு, அறிவு, விருப்பம் மூன்றும் ஒரே மனத்தில் இருப்பதைக் காட்டினார். அதுவும் முழுதாகப் பொருந்தாது என்று அவரே சொல்லியும் வைத்தார். சபையில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் அந்தக் கடைசி வரியையும் சேர்த்துச் சொன்னால் போதும் என்று எனக்குத் தோன்றும்.

ஒன்றுக்கொன்று முரணான மாதிரிகளை ஒரே பொருளுக்கு வைப்பது ஏமாற்று இல்லையா?

இயற்பியலில் அது அன்றாடம் நடக்கிறது. அணுக்கரு எப்படிப் பிளக்கிறது என்று கேட்டால் அதைத் திரவத் துளியாக எண்ணுகிறார்கள்; 1939-ல் போரும் வீலரும் அப்படித்தான் விளக்கினார்கள். 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற எண்ணிக்கையில் புரோட்டான்களோ நியூட்ரான்களோ இருந்தால் கரு ஏன் கூடுதல் உறுதியாக இருக்கிறது என்று கேட்டால் கூடு மாதிரிக்குப் போகிறார்கள். துளியில் துகள்கள் நெருக்கியடித்து மோதுகின்றன. கூட்டில் ஒவ்வொன்றும் தன் பாதையில் தனியே போகிறது. இரண்டும் ஒரே கருதான். ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்கு என்று தெரிந்திருப்பதால் யாரும் சண்டை போடுவதில்லை.

இறையியலில் இதைப் போல எல்லை போட்டு வேலை செய்தவர் சைவ சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம், 14ஆம் நூற்றாண்டு. இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள உறவுக்கு அதுவரை சொல்லப்பட்ட மூன்றை அவர் வரிசையாக மறுக்கிறார். பொன்னும் நகையும் போல என்றால் இரண்டும் ஒன்றாகிவிடும். இருளும் ஒளியும் போல என்றால் ஒட்டே இல்லாமல் போகும். சொல்லும் பொருளும் போல என்ற நடுவழியும் வேண்டாம் என்கிறார். அப்புறம் தாமே மூன்றைத் தருகிறார். உடலும் உயிரும் போலக் கலப்பால் ஒன்று. கண்ணும் சூரியனும் போலப் பொருளால் வேறு. உயிரின் அறிவும் கண்ணின் ஒளியும் போலச் செயலில் உடன். எதுவும் தனியே நின்றால் தவறு. ஒன்று மிகைப்படும் இடத்தில் அடுத்தது இழுத்துப் பிடிக்கிறது.

ஆனால் அணுக்கருவில் கேள்வியைப் பிரித்துக் கொடுக்கச் சோதனை இருக்கிறது. இங்கே அதைச் செய்வது நூல், மரபு, அனுபவம். அந்த வித்தியாசத்தை மழுப்பக்கூடாது.

எதிர்ப்பு வரும்போதெல்லாம் அடைமொழி சேர்த்துத் தப்பிப்பதுதானே இறையியல்?

கூர்மையான குற்றச்சாட்டு. 1950 வாக்கில் ஆன்டனி ஃப்ளூ என்ற தத்துவ அறிஞர் இதை ஒரு தோட்டக் கதையால் சொன்னார். காட்டின் நடுவே ஒரு தோட்டம். தோட்டக்காரர் ஒருவர் வருகிறார் என்கிறான் ஒருவன். காவல் இருந்து பார்த்தால் யாரும் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாதவர் என்கிறான். மின்வேலி, மோப்ப நாய் எல்லாம் வைத்தும் தடயம் இல்லை. தொட முடியாதவர், மணமும் ஒலியும் அற்றவர் என்கிறான். அப்படியொரு தோட்டக்காரருக்கும் தோட்டக்காரரே இல்லாததற்கும் என்ன வித்தியாசம்?

அறிவியலும் அடைமொழி சேர்க்கிறது என்பதை இந்தக் கதை மறைத்துவிடுகிறது. யுரேனஸ் கணக்கிட்ட பாதையில் போகவில்லை. நியூட்டனைக் கைவிடாமல், தெரியாத கோள் ஒன்று இழுக்கிறது என்றார் வானியலார் லெ வெரியே. 1846-ல் பெர்லினில் அவர் சொன்ன இடத்துக்கு ஒரு டிகிரிக்குள் நெப்டியூன் அகப்பட்டது. புதன் கோளின் பாதையிலும் நூற்றாண்டுக்குச் சுமார் 43 வில்விநாடி (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் ஒரு வில்விநாடி) இடித்தது. அதே மனிதர் 1859-ல் அதே வைத்தியத்தைச் சொன்னார். அந்தக் கோளுக்கு வல்கன் என்று பெயர்கூட வந்தது. தேடினார்கள், இல்லை. 1915-ல் ஐன்ஸ்டைனின் கோட்பாடு அந்த 43-ஐத் தந்தது. இந்தமுறை மாதிரியையே மாற்றவேண்டியிருந்தது.

நெப்டியூன், வல்கன் இரண்டுமே அடைமொழிகள்தான். இரண்டும் 'இந்த இடத்தில் வந்து பார்' என்று சொன்னன. தோட்டக்காரருக்குச் சேர்த்த அடைமொழிகள் 'பார்க்காதே' என்று சொல்கின்றன. இறையியலார் ஒருவர் புதிதாக ஓர் அடைமொழி சேர்த்தால், அது பார்ப்பதற்கு ஒரு புது இடத்தைத் தருகிறதா, இருந்த இடத்தையும் மூடுகிறதா என்று நான் கவனிப்பது இதனால்தான். ராமானுஜரின் வரையறை தருகிறது என்பேன். பல மேடைப் பேச்சுகளில் கேட்பது மூடுகிறது.

ஒரு துறையின் மாதிரி மறு துறைக்குத் தாவுமா?

கடிகாரம் தாவியது. பிரபஞ்சம் கடிகாரம் என்றால் செய்தவர் கைகாரர். சூரியக் குடும்பத்தில் சிறு ஒழுங்கீனங்கள் சேர்ந்து, ஒருநாள் சீர்செய்ய வேண்டிவரும் என்று நியூட்டன் எழுதியிருந்தார். 1715-ல் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் கிண்டலடித்தார்: இவர்களுடைய கடவுள் அவ்வப்போது சாவி கொடுக்கவேண்டும் போலிருக்கிறது, நிற்காமல் ஓடுகிற கடிகாரம் செய்யத் தெரியவில்லையா? நியூட்டன் தரப்பில் கிளார்க் திருப்பிக் கேட்டார்: தானாகவே ஓடுமென்றால் கடவுளுக்கு அங்கே என்ன வேலை? இருவரும் கடிகாரத்தைப் பற்றித்தான் சண்டை போட்டார்கள், வானத்தைப் பற்றி அல்ல.

இதில் சரியான இடத்தில் கைவைத்தவர் தத்துவ அறிஞர் ஹியூம். அவர் இறந்தபின் 1779-ல் வெளிவந்த உரையாடலில் ஒரு பாத்திரம் கேட்கிறது: உலகம் ஏன் இயந்திரம் மாதிரி இருக்கவேண்டும், செடி மாதிரி இருக்கக்கூடாதா? செடி விதையிலிருந்து வருகிறது, தச்சரிடமிருந்து அல்லவே.

கடைசியில் மாதிரி உண்மையைச் சொல்கிறதா, வெறும் கணக்குக் கருவியா?

இந்த வழக்கு பழையது. 1543-ல், பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸ் நூலின் முன்னால் ஒசியாண்டர் என்ற இறையியலார் பெயர் போடாமல் ஒரு முன்னுரை சேர்த்தார்: இவை உண்மையாக இருக்கத் தேவையில்லை, கணக்கு ஒத்துவந்தால் போதும். 1615-ல் கர்தினால் பெல்லார்மீன் எழுதிய கடிதத்திலும் அதே தொனி: கணிதக் கருதுகோளாகப் பேசினால் ஆபத்தில்லை. வானியலில் மாதிரியை வெறும் கருவி என்றவர்கள் இறையியல் பின்புலத்துக்காரர்கள். இன்று கடவுளைப் பற்றிய மாதிரிகளை வெறும் கருவி என்பவர்கள் பெரும்பாலும் எதிர்த்தரப்பு. எனக்கு இது கொஞ்சம் வேடிக்கை.

மேக்ஸ்வெல் நடுவில் நின்றார். 1861-62-ல் மின்காந்தப் புலத்தைச் சுழலும் சுழிகளாகவும் அவற்றுக்கிடையே உருளும் சிறு சக்கரங்களாகவும் வரைந்தார். சக்கரங்கள் இயற்கையில் இருக்கின்றன என்று சொல்லவில்லை என்றும் எழுதினார். அந்த விநோத இயந்திரத்திலிருந்துதான் அலையின் வேகம் ஒளியின் வேகத்தோடு ஒத்துப்போவது அவருக்குத் தெரிந்தது. 1865 கட்டுரையில் சக்கரங்களைக் காணோம், சமன்பாடுகள் மட்டும். படத்தை விட்டுவிட்டு உறவுகளை வைத்துக்கொண்டார். நான் இந்தக் கட்சி.

பேசாமல் மாதிரியே வேண்டாம் என்று விட்டுவிட்டால்?

யூதத் தத்துவ அறிஞர் மைமோனிடஸ் 12ஆம் நூற்றாண்டில் அதைத்தான் சொன்னார்: கடவுள் இன்னது அல்லர் என்று மட்டும் சொல்லுங்கள். தர்க்கத்துக்குச் சுத்தம். ஆனால் வழிபடுகிறவர் நீண்ட நேரம் அதில் தங்குவதில்லை.

முரண்பாடு இல்லை என்று காட்ட மட்டும் மாதிரி கட்டுவதுண்டா?

உண்டு, தத்துவ இறையியலில் இன்று பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. வழி காட்டியது வடிவியல். யூக்ளிடின் இணைகோட்டு விதி (ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக அதற்கு ஒரே ஓர் இணைகோடுதான் உண்டு என்பது) பொய்க்கும் வடிவியலை முரணில்லாமல் எழுத முடியுமா என்பது கேள்வி. 1868-ல் கணித அறிஞர் பெல்ட்ராமி யூக்ளிடின் வெளிக்குள்ளேயே அதற்கு ஒரு மாதிரி கட்டினார். பழையதில் முரண் இல்லையென்றால் புதியதிலும் இல்லை. உலகம் அப்படி இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. அப்படி இருக்கலாம், அவ்வளவுதான். ஒரே களிமண் ஒரே நேரத்தில் சிலையாகவும் மண்கட்டியாகவும் இருப்பதை வைத்துத் திரித்துவத்தைப் பேசுகிறவர்கள் கேட்பதும் அந்த 'இருக்கலாம்' மட்டுமே. அதை நிரூபணம் என்று தூக்கிப் பிடிப்பதும் தவறு, நிரூபணம் இல்லை என்று தள்ளுவதும் தவறு.

சில சமயம் கட்டப்போனால் கட்ட வராது. 1970-ல் தர்க்கவியலார் கேடல் கடவுளின் இருப்புக்கு ஒரு தர்க்க நிரூபணத்தின் குறிப்பைக் காட்டினார். இன்னொரு தர்க்கவியலார் டானா ஸ்காட் அதைக் கொஞ்சம் மாற்றி எழுதிக்கொண்டார். 2013 முதல் ஆய்வாளர்கள் இரண்டையும் கணினியில் ஏற்றிச் சோதித்தார்கள். கேடலின் மூலக் குறிப்பிலிருந்த அடிகோள்கள், அதாவது நிரூபிக்காமல் ஏற்றுக்கொள்ளும் தொடக்கக் கூற்றுகள், ஒன்றோடொன்று முரண்பட்டன. அவை எல்லாம் ஒருசேர மெய்யாகும் மாதிரியே கிடையாது. ஸ்காட்டின் வடிவத்துக்கு மாதிரி கிடைத்தது. இரண்டுக்கும் வித்தியாசம், சாரம் (ஒரு பொருளின் மற்ற எல்லாப் பண்புகளையும் தன்னுள் அடக்கும் பண்பு) என்பதன் வரையறையில் ஒரு சிறு நிபந்தனை: சாரமாகச் சொல்லப்படும் பண்பு அந்தப் பொருளுக்கு இருக்கவும் வேண்டும். ஸ்காட்டின் வடிவத்திலும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. சோபல் என்ற தத்துவ அறிஞர் 1987-லேயே காட்டியது. அந்த அடிகோள்கள் மெய்யாகும் உலகத்தில் நடக்கிற எதுவும் நடக்காமல் இருந்திருக்க முடியாது, இந்த வரியை நீங்கள் படிப்பது உட்பட.